மைக் முன்னால் பொறியியல்: மாணவர்கள் பாட்காஸ்ட் தயாரிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

வேலூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் சிவில் பாடம் எடுக்கிறேன். நாலு வருடமாக, பருவத்துக்கு ஒரு பாடத்திலாவது செமினாரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பாட்காஸ்ட் வைத்திருக்கிறேன். மூன்று பேர் சேர்ந்து, ஆறு நிமிடத்துக்குள், ஒரு பொறியியல் கேள்விக்குத் தமிழில் பதில் சொல்ல வேண்டும். இதைத் தங்கள் வகுப்பில் தொடங்க நினைக்கும் ஆசிரியர்களுக்காகவும், ஆசிரியர் சொல்லாமலே செய்து பார்க்க ஆசைப்படும் மாணவர்களுக்காகவும் எழுதுகிறேன்.

செமினாரில் ஒரு வசதி உண்டு. திரையில் சூத்திரம் இருக்கும், படம் இருக்கும். மாணவர் அதைப் பார்த்துப் படித்துவிட்டு உட்கார்ந்துவிடலாம். புரிந்ததா இல்லையா என்பது யாருக்கும் தெரியாது, பல சமயம் அவருக்கே தெரியாது. ஒலியில் அந்த மறைவு கிடையாது. 'இந்த வரைபடத்தில் காண்பது போல' என்று சொல்ல முடியாது. கேட்பவர் மனதில் படத்தை வார்த்தையாலேயே வரைந்தாக வேண்டும், வரையத் தெரியாத இடத்தில் வாய் தானாக நின்றுவிடும். அப்படி நிற்கும் இடம்தான் எனக்கு வேண்டியது. பாடம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

நம் பக்கத்து மாணவர்களுக்கு இதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. குடியாத்தம், பேரணாம்பட்டு, அணைக்கட்டு, ஆற்காடு என்று சுற்றுவட்டாரத்தில் இருந்து வருகிறவர்களில் பலர் பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்தவர்கள். கல்லூரிக்கு வந்ததும் எல்லாம் ஆங்கிலம். சொல் மனப்பாடம் ஆகிவிடுகிறது, பொருள் வெளியிலேயே நிற்கிறது. அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் சிவிலையும் மெக்கானிக்கலையும் தமிழ் வழியில் தொடங்கியது. ஆனால் ஆங்கில வழியில் சேர்ந்த மாணவருக்கும் ஒரு பாடத்தையாவது தன் மொழியில் பேசிப் பார்க்கும் வாய்ப்பு வேண்டும். 2021 பாடத்திட்டத்தில் வந்த 'தமிழரும் தொழில்நுட்பமும்' இதற்கென்றே அமைந்த பாடம். அங்கிருந்து தொடங்கினால் துறைத்தலைவரிடம் அனுமதி வாங்குவதும் சுலபம்.

முதல் படி: தலைப்பு கொடுக்காதீர்கள், கேள்வி கேட்கச் சொல்லுங்கள்

முதல் பருவத்தில் நான் தலைப்புப் பட்டியல் கொடுத்தேன். 'நீர் மாசுபாடு', 'கான்கிரீட் தொழில்நுட்பம்' இந்த மாதிரி. வந்தவை எல்லாம் இணையத்தில் இருந்து எடுத்து வாசித்த கட்டுரைகள். ஒவ்வொன்றும் இருபது நிமிடம் ஓடியது. அதற்குப் பிறகு தலைப்பு என்ற சொல்லையே விட்டுவிட்டேன். ஒரே ஒரு கேள்வி கொண்டு வாருங்கள், அது உங்கள் ஊரில் யாரோ ஒருவர் நிஜமாகவே கேட்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்கிறேன்.

நம் மாவட்டங்களில் கேள்விக்குப் பஞ்சமே இல்லை. தோல் பதனிட மூன்று இணைதிறன் குரோமியத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள், ஆனால் எல்லாரும் பயப்படுவது ஆறு இணைதிறன் குரோமியத்தைப் பார்த்து. ஒரே உலோகத்துக்கு ஏன் இரண்டு குணம்? வேதியியல் எடுத்த எந்த முதலாண்டு மாணவரும் இதைத் தொடலாம். பாலாற்றங்கரைத் தோல் தொழிற்சாலைகள் குறித்து உச்ச நீதிமன்றம் 1996இல் தந்த தீர்ப்பு, 'மாசு செய்தவரே ஈடு கட்ட வேண்டும்' என்பதை இந்தியச் சட்டத்தில் நிலைநிறுத்தியது. அந்த வழக்கைத் தொடுத்தது வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் என்பதைச் சொன்னதும் வகுப்பில் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ராணிப்பேட்டை பெல் ஆலையில் தயாராகும் மின்நிலை வீழ்படிவி, புகையில் இருந்து சாம்பலை மட்டும் எப்படிப் பிரித்துப் பிடிக்கிறது? தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதை 1856இல் ராயபுரத்தில் இருந்து வாலாஜா ரோடு வரை வந்தது. அந்த நூறு கிலோமீட்டருக்கு நீராவி எஞ்சின் எவ்வளவு தண்ணீர் குடித்திருக்கும்? ஜவ்வாது மலையில் காவலூர் தொலைநோக்கியின் கண்ணாடி 2.3 மீட்டர் அகலம். கண்ணாடி பெரிதானால் என்ன லாபம்?

கேள்வி சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி வைத்திருக்கிறேன். அதை வீட்டில் அத்தையிடமோ பக்கத்துக் கடைக்காரரிடமோ கேட்டுப் பாருங்கள். அவர் 'ஆமா, ஏன் அப்படி?' என்று திருப்பிக் கேட்டால் அந்தக் கேள்வியை எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டாம் படி: குழு

மூன்று பேர். நான்கானால் ஒருவர் சும்மா இருப்பார். ஒருவர் ஆய்வு, ஒருவர் எழுத்து, ஒருவர் ஒலி என்று முதலில் பிரித்துக்கொண்டாலும் மூவரும் மைக்கில் பேச வேண்டும் என்பது கட்டாயம். அறுபது பேர் வகுப்பில் இருபது குழு, ஆறு நிமிடம் வீதம் நீங்கள் கேட்க வேண்டியது இரண்டு மணி நேரம். இருபது நிமிடம் அனுமதித்தால் ஆறரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். கால வரம்பை மட்டும் தளர்த்தாதீர்கள்.

மொத்தம் ஆறு வாரம் போதும். கேள்விக்கு ஒரு வாரம், ஆளைப் பார்க்கவும் படிக்கவும் ஒன்று, எழுத இரண்டு, பதிவுக்கும் தொகுப்புக்கும் ஒன்று, மற்றவர்கள் கேட்டுத் திருத்த ஒன்று.

மூன்றாம் படி: புத்தகத்துக்கு வெளியே ஒரு குரல்

இந்த விஷயத்தில் கண்டிப்பாக இருக்கிறேன். ஒவ்வொரு பாட்காஸ்ட்டிலும் அந்த வேலையைக் கையால் செய்கிற ஒருவரின் குரல் ஒரு நிமிடமாவது இருக்க வேண்டும். போர்வெல் மெக்கானிக், லைன்மேன், மேஸ்திரி, சுத்திகரிப்பு நிலைய ஆபரேட்டர், யாராக இருந்தாலும் சரி.

ஏன் என்பதற்கு ஒரு சம்பவம். மூன்றாம் ஆண்டுக் குழு ஒன்று 'கான்கிரீட்டுக்கு எத்தனை நாள் தண்ணீர் ஊற்ற வேண்டும்?' என்ற கேள்வியோடு போனது. வேலூர் வெயிலில் வீடு கட்டுகிற எல்லாருக்கும் வேண்டிய கேள்விதான். காட்பாடிப் பக்கம் தளம் போட்டுக்கொண்டிருந்த இடத்தில் மேஸ்திரியைப் பிடித்தார்கள். குழுவில் இருந்த பெண் தயாராக வந்த மாதிரியே ஆரம்பித்தாள்: "கான்கிரீட் காய்ந்து இறுகுவதற்கு ஏழு நாள் நீராற்ற வேண்டும், சரிங்களா அண்ணா?"

அவர் குழப்பத்தோடு பார்த்தார். "காயறதுக்கு இன்னாத்துக்கும்மா தண்ணி ஊத்தறது? ஊத்துனா எப்டி காயும்?"

பதிவில் அதற்குப் பிறகு பதினோரு விநாடி மௌனம். கலவை இயந்திரம் ஓடும் சத்தம் மட்டும் கேட்கிறது. அப்புறம் அவரே சொல்கிறார்: "சிமெண்ட்டு தண்ணியக் குடிக்கும்மா. குடிக்கக் குடிக்கத்தான் கல்லாவும். வெயிலு அந்தத் தண்ணியத் திருடிட்டுப் போவுது, அதான் நாம ஊத்திக்கினே இருக்கோம்."

ஹைட்ரேஷன் என்ற சொல்லை அந்தப் பெண் இரண்டு தேர்வில் எழுதியவள். சிமெண்டும் தண்ணீரும் வேதிவினை புரிந்து புதிய பொருளாக மாறுவதுதான் கான்கிரீட் இறுகுவது, ஈரம் போவதற்கும் அதற்கும் தொடர்பில்லை என்பது அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது. கிளம்பும்போது மேஸ்திரி சிமெண்ட் மூட்டையைக் காட்டி, "இது பிபிசி. இதுக்கு ஏழு நாள் பத்தாது" என்றாராம். பிபிசி என்பது சாம்பல் போன்றவை கலந்த போர்ட்லண்ட் பொசோலானா சிமெண்ட். வந்து, கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதிநூலான ஐஎஸ் 456ஐப் புரட்டினார்கள். சாதாரண போர்ட்லண்ட் சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள். சாம்பல் போன்றவை கலந்த சிமெண்டுக்கும், வறண்ட வெப்பமான சூழலுக்கும் குறைந்தது 10 நாள். கலப்புச் சிமெண்டுக்கு 14 நாள் வரை நீட்டிக்கவும் பரிந்துரை இருக்கிறது. புத்தகத்தில் முதலில் கண்ட ஒரு எண்ணை வைத்துக்கொண்டு போயிருந்தார்கள். நிபந்தனைகளைப் படிக்க வைத்தது ஒரு சிமெண்ட் மூட்டை.

போவதற்கு முன் சில விஷயங்கள். என்ன செய்கிறோம், யார் கேட்பார்கள் என்பதை முதலில் சொல்லி, 'பதிவு செய்யலாமா?' என்று கேட்டு, அவர் சம்மதத்தையும் பதிவிலேயே வாங்குங்கள். வேலை செய்யும் நிறுவனத்தின் பெயர் வெளியே வந்தால் அவருக்குச் சிக்கல் ஆகுமா என்று கேளுங்கள். ஆகுமென்றால் பெயரே வேண்டாம். கூலி நேரத்தில் போய் நிற்காதீர்கள், டீ நேரத்தில் போங்கள்.

நான்காம் படி: எழுத்து

பாதி மதிப்பெண்ணுக்கு மேல் இந்தப் படியில் தீர்மானமாகிறது. ஆறு நிமிடத்துக்கு, நிமிடத்துக்கு நூறு சொல் என்று வைத்தால் அறுநூறு சொல். அதில் வெளியாள் குரலுக்கு நூறை ஒதுக்கிவிட்டால் மாணவர்கள் எழுத வேண்டியது ஐந்நூறுதான். இந்த நெருக்கடி நல்லது.

முதல் வரைவு எப்போதும் பாடநூல் நடையில்தான் வரும். 'கிணற்று மேட்டில் இருந்த மோட்டாரை ஏன் போர்வெல்லுக்குள் இறக்கினோம்?' என்று கேட்ட குழு முதலில் எழுதி வந்தது இது:

"மையவிலக்குப் பம்பின் உறிஞ்சு உயரம் வளிமண்டல அழுத்தத்தால் வரையறுக்கப்படுகிறது. இதன் கோட்பாட்டு எல்லை 10.3 மீட்டர் ஆகும்."

தவறு எதுவும் இல்லை, ஆனால் காதில் ஏறாது. தாளை மூடச் சொல்லிவிட்டு, 'உன் தாத்தாவிடம் சொல்வதாக நினைத்துப் பேசு' என்றேன். மூன்று முறை திணறிவிட்டு நாலாவது முறை அந்தப் பையன் பேசியதைப் பக்கத்தில் இருந்தவன் அப்படியே எழுதிக்கொண்டான்:

"பம்பு தண்ணிய இழுக்குதுன்னு நாம நினைக்கிறோம். நிஜத்துல அது இழுக்கல. குழாய்க்குள்ள இருக்கிற காத்தைக் குறைக்குது, அவ்ளோதான். வெளிய இருக்கிற காத்து கிணத்துத் தண்ணிய அமுக்கி, குழாய் வழியா மேல தள்ளுது. அந்தக் காத்தால பத்து மீட்டர் சொச்சம்தான் தள்ள முடியும். உராய்வு, கசிவு எல்லாம் கழிச்சா ஏழு, எட்டு மீட்டர். நம்ம ஊர்ல தண்ணி அதுக்கும் கீழ போயிடுச்சு. அதனால மோட்டாரையே தண்ணிக்குள்ள இறக்கிட்டோம். அங்க போனப்புறம் அது எதையும் மேல இழுக்க வேணாம், கீழ இருந்து தள்ளினாப் போதும்."

இரண்டையும் உரக்கப் படித்துப் பாருங்கள். இரண்டாவதில் சமன்பாடு ஒன்றுகூட இல்லை, ஆனால் காரண காரியம் முழுதாக இருக்கிறது. முதலாவதை எழுத மனப்பாடமே போதும், இரண்டாவதைச் சொல்லப் புரிந்திருக்க வேண்டும்.

காதுக்கு எழுதும்போது கவனிக்க வேண்டியவை என்று நான் கண்டவை: ஒரு வாக்கியத்தில் ஒரு எண்ணுக்கு மேல் வேண்டாம். எண்ணைத் தெரிந்த பொருளோடு ஒட்டிச் சொல்லுங்கள். பத்து மீட்டர் என்பதை விட 'மூணு மாடி உயரம்' சட்டென்று பிடிபடும். சமன்பாட்டை எழுத்து எழுத்தாக வாசிக்கவே கூடாது, எது கூடினால் எது குறையும் என்று சொல்ல வேண்டும். கலைச்சொல் விஷயத்தில் நான் பிடிவாதம் பிடிப்பதில்லை. பம்பு பம்பாகவே இருக்கட்டும். ஆனால் புதிய சொல் வரும்போது முதலில் விளக்கம், பிறகு பெயர் என்ற வரிசை மாறக்கூடாது. 'இப்படி நடப்பதற்குப் பெயர் கேவிட்டேஷன்' என்று பின்னால் வந்தால் சொல் மனதில் உட்காரும்.

செயற்கை நுண்ணறிவுச் செயலியில் எழுதி வாங்கி வருகிறவர்களும் உண்டு. தடை போட்டுப் பயனில்லை. ஒவ்வொரு குழுவும் மூன்று வரைவு எழுத வேண்டும், மூன்றையும் கையெழுத்தில் கேட்கிறேன். பிறகு குழுவோடு ஐந்து நிமிடம் உட்கார்ந்து, எழுத்தில் இல்லாத ஒரு கேள்வியைக் கேட்கிறேன். 'கிணற்று மேட்டு மோட்டாரை ஏலகிரிக்கு எடுத்துக்கொண்டு போனால் கூடுதலாக இழுக்குமா, குறைவாகவா?' புரிந்தவர் கொஞ்சம் யோசித்து, மலையில் காற்றழுத்தம் குறைவு, அதனால் குறைவாகத்தான் வரும் என்று சொல்லிவிடுவார்.

ஐந்தாம் படி: பதிவு

மைக் வாங்கப் பணம் செலவழிக்க வேண்டாம். கையில் இருக்கும் போன் போதும். அறையைத்தான் கவனிக்க வேண்டும்.

நம் வகுப்பறைகள் நாலு பக்கமும் சிமெண்ட் பூச்சு, தரையில் டைல்ஸ். பேசினால் கிணற்றுக்குள் இருந்து பேசுவது போல எதிரொலிக்கும். விடுதி அறைக்குப் போங்கள். மெத்தையைச் சுவரில் சாய்த்து, துணி அலமாரியைத் திறந்து வைத்து, அதைப் பார்த்தபடி பேசினால் எதிரொலி அடங்கிவிடும். 1895இல் ஹார்வர்டில் வாலஸ் சபைன் என்ற இயற்பியலாளர் ஒரு மோசமான விரிவுரைக் கூடத்தைச் சரிசெய்ய, பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவெல்லாம் சுமந்து வந்து அடுக்கி அளந்து பார்த்துத்தான் எதிரொலி நேரத்துக்கான சூத்திரத்தைக் கண்டுபிடித்தார். மாணவர்களிடம் இதைச் சொன்னால் மெத்தையைத் தூக்க அலுத்துக்கொள்ள மாட்டார்கள்.

போனின் மைக் கீழ் முனையில் இருக்கும். வாய்க்கும் அதற்கும் ஒரு சாண் இடைவெளி, நேரே இல்லாமல் கொஞ்சம் பக்கவாட்டில். தூரம் இரட்டிப்பானால் நேரடிக் குரல் 6 டெசிபெல் குறையும், ஆனால் அறையின் எதிரொலி ஏறக்குறைய அப்படியே இருக்கும். தள்ளிப் பேசினால் குரல் தூரத்தில் கேட்பதற்கு இதுதான் காரணம். மின்விசிறியை அணைத்தே ஆக வேண்டும். மே மாதத்தில் இதைச் சொல்வது எனக்கே கஷ்டமாக இருக்கிறது, அதனால் விடிகாலை ஐந்தரைக்குப் பதிவை வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். காட்பாடி ஜங்ஷன் பக்கம் இருப்பவர்கள் ரயில் ஹாரனுக்காகக் காத்திருந்து மறுபடி பேசத்தான் வேண்டும். போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள்.

தொடங்கும் முன் பத்து விநாடி யாரும் பேசாமல் அறையின் அமைதியை மட்டும் பதிவு செய்யுங்கள். தொகுக்கும்போது அது தேவைப்படும். தவறாகப் பேசிவிட்டால் நிறுத்த வேண்டாம். ஒரு கைத்தட்டு தட்டிவிட்டு அந்த வாக்கியத்தை முதலில் இருந்து சொல்லுங்கள். அலைவடிவத்தில் கைத்தட்டு ஊசி மாதிரி நிற்கும், வெட்ட வேண்டிய இடத்தைத் தேட வேண்டியதில்லை.

ஆறாம் படி: தொகுப்பு

ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருள் இலவசம், பழைய கணினியிலும் ஓடும். பல போன்கள் எம்4ஏ கோப்பாகச் சேமிக்கும். விண்டோஸ் ஆடாசிட்டி அதைத் திறக்க எஃப்எஃப்எம்பெக் என்ற துணைநிரல் வேண்டும். ரெக்கார்டர் செயலியில் வேவ் வடிவம் இருந்தால் அதையே தேர்ந்தெடுப்பது சுலபம். ஒருவர் போனில் இருந்து மற்றவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது 'டாக்குமெண்ட்' ஆக அனுப்புங்கள், குரல்செய்தியாக வேண்டாம். அதில் ஒலி மிகவும் சுருங்கிவிடும்.

செய்யும் வரிசை இதுதான். முதலில் தவறுகளை வெட்டுங்கள். பிறகு அந்தப் பத்து விநாடி அமைதியைத் தேர்ந்தெடுத்து இரைச்சல் மாதிரியாகக் கொடுத்து, மொத்தப் பதிவிலும் 6 முதல் 12 டெசிபெல் வரை இரைச்சலைக் குறையுங்கள். அதற்கு மேல் போனால் குரல் தண்ணீருக்குள் இருந்து வருவது போல ஆகிவிடும். அடுத்து 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வடிகட்டுங்கள். மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் முனகல் பெரும்பாலும் அடங்கும், பேச்சுக்குச் சேதம் வராது. கடைசியாக ஒலியளவைச் சமன் செய்யுங்கள். மோனோவுக்கு −19 லஃப்ஸ் (காதுக்கு எவ்வளவு சத்தமாகக் கேட்கிறது என்பதை அளக்கும் அலகு), ஸ்டீரியோவுக்கு −16 என்பது பாட்காஸ்ட்டில் வழக்கமாக வைக்கும் அளவு. ஒரு குரல் கத்தலாகவும் அடுத்தது முணுமுணுப்பாகவும் இருந்தால், இதைச் செய்வதற்கு முன்பே ஒவ்வொரு குரலையும் தனித்தனியாக ஏற்றி இறக்கிவிடுங்கள்.

மின்னணுத் துறை நண்பர்களுக்கு இங்கே ஒரு பாடமே இருக்கிறது. விநாடிக்கு 44,100 மாதிரி, மாதிரிக்கு 16 பிட் என்றால் மோனோவில் நிமிடத்துக்கு சுமார் 5.3 எம்பி. அதையே 64 கேபிபிஎஸ் எம்பி3 ஆக்கினால் அரை எம்பிக்கும் குறைவு. மீதி எங்கே போனது, ஏன் காதுக்குத் தெரியவில்லை? ஒரு குழு இந்தக் கேள்வியையே எடுத்து அடுத்த பாட்காஸ்ட் செய்தது.

பின்னணி இசை தேவையில்லை. சினிமாப் பாட்டு வேண்டவே வேண்டாம், உரிமை வேறொருவருடையது.

ஏழாம் படி: மற்றவர்கள் கேட்பது, மதிப்பெண்

ஒவ்வொரு குழுவின் பதிவையும் வேறு இரண்டு குழு கேட்டு, எழுத்தில் இரண்டே விஷயம் சொல்ல வேண்டும்: எந்த நிமிடத்தில் புரியாமல் போனது, எது தவறு என்று சந்தேகப்படுகிறீர்கள். 'நன்றாக இருந்தது' என்று எழுதினால் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

இருபது மதிப்பெண்ணில் தொழில்நுட்பச் சரித்தன்மைக்கு 6, வரைவுக்கு வரைவு எவ்வளவு மாறியது என்பதற்கு 6, விளக்கத்தின் தெளிவுக்கு 5, ஒலிக்கு 3. ஒலிக்கு இதற்கு மேல் கொடுத்தால் விலை உயர்ந்த போன் வைத்திருப்பவர் ஜெயிப்பார். நல்ல குரலுக்கு மதிப்பெண் கிடையாது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். திக்குவாய் உள்ள ஒரு மாணவர் ஒதுங்கி நின்றார். தொகுப்பில் நிதானமாக வெட்டி ஒட்டலாம், எத்தனை முறை வேண்டுமானாலும் பேசலாம் என்று சொன்ன பிறகுதான் வந்தார். மேடைச் செமினாரில் அவருக்கு அந்த வசதி இருந்ததே இல்லை.

எட்டாம் படி: வெளியிடுவது, திருத்துவது

கல்லூரிக்குள் மட்டும் பகிர்வதா, எல்லாரும் கேட்கும்படி வெளியிடுவதா என்பதை மூவரும் சேர்ந்து முடிவு செய்யட்டும். ஒருவர் வேண்டாம் என்றாலும் உள்ளேயே இருக்கட்டும், மதிப்பெண் அதனால் குறையக்கூடாது. காது கேளாத மாணவர்களுக்காக எழுத்துப்படியைச் சேர்த்தே வைக்க வேண்டும். மூன்று வரைவு எழுதியிருப்பதால் அது ஏற்கெனவே கையில் இருக்கும்.

பேசிய ஆளுக்கு ஒரு பிரதி கட்டாயம் போக வேண்டும். அந்தக் காட்பாடி மேஸ்திரிக்கும் அனுப்பினோம். மறுநாள் அவரிடம் இருந்து ஒரு குரல்செய்தி: "தளத்துக்குத் தண்ணி கட்டி நிறுத்தலாம்னு சொல்லிக்கிறீங்க, சரி. தூணுக்கு? அதுல எப்டி தண்ணி நிக்கும்? கோணி சுத்தி நனைக்கணும்னு நான் சொன்னேனே, அத உட்டுட்டீங்களே கண்ணு."

கேட்டுப் பார்த்தோம், சொல்லியிருந்தார். ஆறு நிமிடத்துக்குள் அடக்க வெட்டியதில் போய்விட்டது. அன்று சாயங்காலமே மூவரும் மெத்தையைச் சாய்த்து உட்கார்ந்து நாற்பது விநாடிப் பேச்சைப் பதிவு செய்து, அவர் குரலிலேயே கோணியையும் சேர்த்தார்கள். மொத்தம் ஆறு நிமிடம் இருபத்தைந்து விநாடி ஆனது. அந்த ஒரு குழுவுக்கு மட்டும் வரம்பை மீற அனுமதித்தேன்.